பாண்டியன் குதிரையும் ஒரு கட்டுப் புல்லும்

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று குதிரையைப் பற்றி நம் பாட்டிமார் சொல்வதுண்டு. மனிதரைக் கேலி செய்வதற்காகவே பிறந்த பழமொழி அது. ஆயினும் அதனுடன் கூட ஓர் எண்ணம் நம்மவர் மனத்தில் வேரூன்றிவிட்டது. குதிரையின் ஆகாரம் கொள்ளு. புல் என்பது மாட்டுக்கு உரியது. குதிரை அதைப் பொழுதுபோக்காக மெல்லும், அவ்வளவுதான் என்பதே அந்த எண்ணம். இது எவ்வளவு பெரிய பிசகு என்பதைச் சிறு வயதில் ஒரு கலியாண வீட்டு வாசலில் நான் கண்ணாரக் கண்டேன்.

காவேரிக் கரையிலுள்ள எங்கள் ஊரில் அப்பொழுது இரண்டொரு ஜட்கா வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றுதான் சம்பந்தி வீட்டாரை ரயிலடியிலிருந்து அன்று பகல் முழுவதும் ஏற்றி வந்தது. கலியாண வீட்டுப் பெரியவர் தர்மசிந்தனை உள்ளவர். "வாயில்லா ஜீவன், பாவம்! வயிறாரத் தின்னட்டும்" என்று சொல்லி, பந்தியில் மிஞ்சிய சாதத்தையும் அரை மரக்கால் கொள்ளையும் அதன் முன் கொட்டச் செய்தார். குதிரை ஆவலோடு தின்றது. சிறுவர்களாகிய நாங்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தோம். நடுநிசியில் அது தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, தரையைக் காலால் பறித்தது, விழுந்து புரண்டது. பொழுது விடியுமுன் மாண்டது. கண்ணேறு என்றார் ஒருவர். வண்டிக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. கடிவாளத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு திண்ணையோரத்தில் உட்கார்ந்திருந்தார்.

ஏறக்குறைய எழுநூறு வருஷங்களுக்கு முன் பாண்டிய ராஜ்யம் முழுவதிலும் இதே கதைதான் நடந்தது என்பதைப் பின்னாளில் சரித்திரம் படித்தபோது அறிந்தேன்.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்நாட்டுக் கரையில் வந்திறங்கிய வெனிஸ் நகரத்து யாத்திரிகர் மார்க்கோ போலோ எழுதுவதைக் கேளுங்கள். ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக இங்கே வந்தனவாம். அரசர் வருஷந்தோறும் 2,000 குதிரைகளுக்கு மேல் வாங்குவார். அவருடைய சகோதரர் நால்வரும் அவ்விதமே வாங்குவர். ஆனால் வருஷ முடிவில் அவற்றுள் நூறு கூட மிஞ்சுவதில்லை! குதிரை வைத்தியர் எவரும் இந்நாட்டுக்குக் கப்பலேறாதபடி வியாபாரிகள் பார்த்துக்கொண்டார்கள் என்றும், இங்கே குதிரைகளுக்கு மாமிசம் கலந்த சோறு ஊட்டினார்கள் என்றும் அவர் சொல்கிறார்.

ஏறக்குறைய அதே காலத்தில் எழுதிய பாரசீக சரித்திராசிரியர் வஸ்ஸாப் கணக்கையும் தருகிறார். வருஷத்துக்கு 10,000 குதிரைகள். தலைக்கு 220 பொன் தினார். ஆக 22 லட்சம் தினார்! கடலில் மாண்ட குதிரைக்கும் விலை கொடுத்தாக வேண்டும். வந்து சேர்ந்தவற்றுக்கு நடந்த உபசாரமோ பிரமாதம். வறுத்த பார்லியும், வெண்ணெயிட்ட தானியமும், காய்ச்சிய பசும்பாலும் கொடுத்து, நாற்பது நாள் முளையடித்துக் கட்டிக் கொழுக்க வைத்தார்களாம். பிறகு பழக்குவதுகூட இல்லாமல் ஏறிச் சவாரி செய்தார்களாம். சொற்ப காலத்தில் அந்த வேகமான குதிரைகள் வலியிழந்து ஒன்றுக்கும் உதவாமற் போயின என்று வஸ்ஸாப் முடிக்கிறார். குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகருக்காக நரி பரியாகி, பரி மீண்டும் நரியான புராணக் கதை நமக்கெல்லாம் தெரியும். பாண்டியர் லாயத்தில் வந்த பரிகள் ஒவ்வொரு வருஷமும் மறைந்துகொண்டிருந்தது புராணம் அன்று.

யாத்திரிகர்கள் எண்ணிக்கையைச் சற்று ஊதிப் பெருக்குவது வழக்கந்தான். நம் நாட்டு வெயிலுக்கும் நோய்களுக்கும் இந்தச் சாவில் பங்கு உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் பாலையும் வெண்ணெயையும் பரிவோடு ஊட்டிய கைகளே பாதிக் குற்றவாளி என்பது என் அபிப்பிராயம். ஏன் என்றால், குதிரையின் வயிறு அமைந்திருக்கும் விதம் அப்படி.

அவ்வளவு பெரிய பிராணிக்கு இரைப்பை மிகச் சிறியது. சுமார் 8 முதல் 15 லிட்டர் வரையில்தான் கொள்ளும். அதில் புளிப்பு நீர் இரவும் பகலும் சுரந்துகொண்டே இருக்கும். அதைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். ஆகவே ஒரு நாளில் பெரும் பொழுது சிறுகச் சிறுகப் புல்லை மென்றுகொண்டிருக்க வேண்டிய பிறவி அது. நார் மிகுந்த புல்லை ஜீரணிப்பது இரைப்பை அன்று, பின்னாலுள்ள பெருங்குடல். அங்கே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக மாற்றித் தருகின்றன. சோறும் தானியமும் ஒரேயடியாக வந்து விழுந்தால், செரியாத மாச்சத்து அந்தப் பெருங்குடலுக்குள் புகுந்துவிடுகிறது. உடனே அமிலம் பெருகுகிறது, வாயு உப்புகிறது, விஷம் இரத்தத்தில் கலந்து குளம்புகளைக்கூட வீங்கச் செய்கிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. எங்கள் கலியாண வீட்டுக் குதிரை புரண்ட காரணம் இதுதான்.

தவறான ஆகாரம் இப்படி என்றால், போதாத ஆகாரம் செய்த கொடுமையும் சரித்திரத்தில் இருக்கிறது. 1854 அக்டோபர் 25-ஆம் தேதி கிரிமியாவில் பாலக்லாவா என்னுமிடத்தில் நடந்த பிரிட்டிஷ் குதிரைப்படையின் பாய்ச்சலை ஆங்கிலேயர் ஓயாமல் பாடினார்கள். அதற்குப் பின் வந்த குளிர்காலத்தைப் பற்றி அவ்வளவாகப் பாடவில்லை. துறைமுகம் சில மைல் தூரத்தில்தான். ஆனால் பாதையெல்லாம் சேறு. மேட்டிலிருந்த குதிரைகளுக்குப் புல் வந்து சேரவில்லை. பசி தாங்காமல் அவை ஒன்றன் பிடரி மயிரையும் வாலையும் மற்றொன்று தின்றன. பாய்ச்சலில் பிழைத்த குதிரைகளும் பட்டினியில் மாண்டன. அந்தப் பாடத்தை அவர்கள் பிறகு கற்றுக்கொண்டார்கள் போலும். 1914 முதல் 1918 வரை நடந்த மகா யுத்தத்தில் பிரிட்டன் பிரான்ஸுக்கு அனுப்பிய வெடிகுண்டுச் சாமான் சுமார் 52 லட்சம் டன். குதிரைத் தீனியோ 54 லட்சம் டன்!

நம் நாட்டு மட்டக்குதிரை ஒன்றின் எடை 250 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு உலர்ந்த புல் 5 கிலோவாவது வேண்டும். பச்சைப் புல்லில் பெரும்பங்கு தண்ணீராகையால், அதுவானால் 20 முதல் 25 கிலோ. வைக்கோல் வயிற்றை நிரப்புமே அன்றி உடம்பைத் தேற்றாது. உழைக்கும் குதிரைக்குக் கொள்ளு கொடுக்கலாம்; ஊறவைத்து, அளவாக, புல் தின்ற பிறகு.

புல்லிலும் தராதரம் உண்டு. காங்கேயம் காளைகளை வளர்க்கும் கொழுக்கட்டைப் புல் மாட்டுக்கு அமிர்தம். ஆனால் அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிணைத்துவிடுகிறது. மாட்டின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் அதை மட்டுமே தின்ற குதிரைக்கு எலும்பு இளகி முகம் வீங்கிவிடுகிறது. தவிட்டை மிகுதியாகக் கொடுத்தாலும் இதே கதிதான். குதிரைக்கு உகந்தது நம் பிள்ளையாருக்கு உகந்த அறுகம்புல்தான். வெள்ளைக்காரர் காலத்துக் குதிரைப்படைகளில் புல் கொண்டுவருவதற்கென்றே தனி ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் அறுகை வேரோடு செதுக்கி, மண்ணைத் தட்டிக் கட்டிக்கொண்டு வருவார்கள். உலர்ந்த புல்லானால் பசுமை மாறாமல், இலை உதிராமல், நல்ல வாசனையோடு இருக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த புல்லின் தூசி குதிரைக்கு இழுப்பையும் இருமலையும் உண்டாக்கும்.

எங்கள் ஊர் வண்டிக்காரர் மறு வருஷம் கடன் வாங்கி வேறொரு குதிரை வாங்கினார். வண்டியின் அடியில் சாக்கைத் தொட்டில் போல் கட்டி, அதில் எப்பொழுதும் அறுகம்புல் வைத்திருப்பார். சவாரி இல்லாத வேளையெல்லாம் குதிரை அதை மென்றுகொண்டே நிற்கும். ஒரு பண்டிகை நாளில் என் தாயார் ஒரு தாம்பாளத்தில் சாதத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அவர் பதறிப்போய்க் குதிரைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார்.

"சோறு வேண்டாம், அம்மா! மனசிருந்தால் ஒரு கட்டுப் புல்லுக்குக் காசு கொடுங்கள்" என்றார்.

என் தாயார் உள்ளே போய்க் காசு எடுத்து வந்தாள்.