ஒரு கரண்டி உறைமோர்

இரவு உணவு முடிந்து அடுக்களை விளக்கை அணைக்கும் முன்னர், நம் வீடுகளில் ஒரு சிறு செயல் நடைபெறுகிறது. காய்ச்சி ஆறவைத்த பாலைத் தொட்டுப் பார்த்து, அதில் சிறிது உறைமோரை விட்டுக் கலக்கி, மூடி ஒருபுறம் வைத்துவிடுகிறார்கள். பொழுது விடிந்ததும் பால் தயிராகியிருக்கிறது. நாள்தோறும் காண்பதனாலேயே நாம் இதனை வியப்பதில்லை. உறைமோர் இல்லாத நாளில்தான் அதன் அருமை தெரியும். அன்று கிண்ணமும் கையுமாக அடுத்த வீட்டு வாசலில் நிற்க நேரும். விளக்கு வைத்தபின் உறைமோர் கொடுப்பதில்லை என்று சொல்லிவிடும் வீடுகளும் உண்டு!

அந்த ஒரு கரண்டியில் அப்படி என்னதான் இருக்கிறது? பாலில் அது செய்யும் வேலை யாது? தயிர் குடலுக்கு நல்லது என்கிறார்களே, அக்கூற்று எவ்வளவு தூரம் உண்மை? இம்மூன்று வினாக்களுக்கும் இன்று விடை காண முயல்வோம்.

பாலுக்கு உறையிடும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகத் தொன்மையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, உறையிட்டுத் தோய்ந்த தயிரை விடியற்காலையில் கடைந்து, மோர் விற்கச் செல்லும் ஆய்மகளை நமக்குக் காட்டுகிறது. உறையிட வேண்டும் என்பதை அவள் அறிவாள். ஆனால் உறை எதற்காக வேண்டும் என்பதை அறிய, உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1857-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர், பால் புளிப்பது உயிருள்ள நுண்பொருள்களின் செயலே என்று எடுத்துரைத்தார். 1905-ஆம் ஆண்டில் ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய இளைஞர், தம் நாட்டுத் தயிரை நுண்பெருக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்து, அதில் கோல் வடிவான ஒரு பாக்டீரியாவைக் கண்டறிந்தார். அப்பொழுது அவர் ஜெனீவா நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மாணவர். உங்களைப் போன்ற ஒரு மாணவரே இவ்வுண்மையைக் கண்டார் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆகவே, உறைமோர் என்பது விதை. பால் என்பது வயல். விதையில் உயிர் இருப்பதுபோல உறைமோரிலும் உயிர் இருக்கிறது. அதிலுள்ள லாக்டிக் பாக்டீரியாக்கள் பாலிலுள்ள சர்க்கரையை உண்டு, லாக்டிக் அமிலத்தை வெளிவிடுகின்றன. தயிரின் புளிப்பு இவ்வமிலத்தால் வருவதே. ஒன்று இரண்டாக, இரண்டு நான்காக அவை பெருகுகின்றன. மணிக்கு ஒருமுறை இரட்டித்தாலும், எட்டு மணி நேரத்தில் ஒன்று 256 ஆகிவிடும். நல்ல வெப்பநிலையில் அவை அதனினும் விரைந்து பெருகும்.

பால் கெட்டியாவது எவ்வாறு? பாலில் கேசின் என்னும் புரதம் மிகச் சிறு உருண்டைகளாக மிதக்கிறது. அவ்வுருண்டைகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுவதால் ஒட்டிக்கொள்வதில்லை. பாலும் நீர்மமாகவே இருக்கிறது. அமிலம் மிகமிக அவ்விலக்கும் ஆற்றல் குறைகிறது. அமிலத்தின் அளவைக் காட்டும் பி.எச். எண், பாலில் ஏறத்தாழ 6.7 ஆகும். அது 4.6-ஐ நெருங்கும்போது உருண்டைகள் கைகோத்து ஒரு வலையாகின்றன. அவ்வலையின் கண்களுக்குள் நீர் சிறைப்படுகிறது. அதுவே தயிர்.

இவ்வளவும் தெரிந்துகொண்டால், நம் வீட்டு முதியோர் சொல்லும் ஒவ்வொரு விதிக்கும் காரணம் விளங்கிவிடும்.

முதலாவது, பாலை நன்கு காய்ச்ச வேண்டும். கறந்த பாலில் காசநோய்க் கிருமி முதலியன இருக்கலாம். காய்ச்சுவதால் அவை மடிகின்றன. கடையில் வாங்கும் பதப்படுத்திய பாலையும் காய்ச்சுவது நன்று. ஏனெனில் வெப்பத்தினால் பாலின் மற்றப் புரதங்களும் கேசினோடு ஒட்டிக்கொள்ள, வலை உறுதி பெறுகிறது. கொதி வந்தபின் சிறு தீயில் ஐந்து நிமிடம் வைத்திருந்தால் தயிர் கெட்டியாக அமையும்.

இரண்டாவது, பாலை ஆறவைக்க வேண்டும். சூட்டோடு உறை ஊற்றினால் பாக்டீரியாக்கள் மடிந்துவிடும். விதையை வறுத்து விதைத்ததாகும். முற்றிலும் குளிர்ந்த பாலிலோ அவை சோம்பிக் கிடக்கும். வெதுவெதுப்பான பால், அதாவது ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் அளவுள்ள பால், அவற்றுக்கு உகந்தது. கழுவித் துடைத்த விரலின் நுனியை வைத்தால் இதமாகச் சுட வேண்டும். விரலை இழுத்துக்கொள்ளும்படி சுடலாகாது.

மூன்றாவது, உறை அளவாக இருத்தல் வேண்டும். ஒரு லிட்டர் பாலுக்கு இரண்டு தேக்கரண்டி போதும். முதல்நாள் எடுத்த, அதிகம் புளிக்காத தயிரே நல்ல உறை. அதனைச் சிறிது பாலில் கட்டியின்றிக் கரைத்து, பின்னர் முழுப் பாலிலும் கலக்க வேண்டும். உறையை மிகுதியாக ஊற்றினால் தயிர் விரைந்து புளித்து நீர் விட்டுப் போகும்.

நான்காவது, உறையிட்ட பாலை அசைத்தல் ஆகாது. அசைத்தால் உருவாகிவரும் வலை அறுந்துபோகும். கோடையில் ஆறு மணி நேரத்தில் தோய்வது, மார்கழிக் குளிரில் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளலாம். அப்பொழுது பாத்திரத்தைத் துணியால் சுற்றி வைப்பதும், அரிசிப் பானைக்குள் வைப்பதும் வெப்பத்தைக் காக்கும் வழிகளாம். தோய்ந்தவுடன் குளிர்ந்த இடத்துக்கு மாற்றிவிட்டால், புளிப்பு ஏறுவது மட்டுப்படும்.

சில வேளைகளில் தயிர் நூல்போல் இழுபடும். வேண்டாத வகைகள் உறைமோரில் குடியேறிவிட்டன என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். பாத்திரத்தைக் கொதிநீரில் கழுவி, வேறு நல்ல உறையைக் கொண்டு தொடங்க வேண்டும். பூஞ்சணம் பூத்த தயிரையோ, நிறம் மாறிய தயிரையோ மேலாக வழித்துவிட்டு உண்ணுதல் கூடாது. முழுவதையும் கொட்டிவிடுவதே அறிவுடைமை.

மாணவர்களே, இதனை நீங்களே சோதித்து அறியலாம். நான்கு கிண்ணங்களில் காய்ச்சிய பாலை ஊற்றுங்கள். முதற் கிண்ணத்தில் வெதுவெதுப்பான பாலில் உறையிடுங்கள். இரண்டாவதில் உறையே வேண்டாம். மூன்றாவதில் கொதிக்கும் பாலில் உறையிடுங்கள். நான்காவதில் வெதுவெதுப்பான பாலில் உறையிட்டு, உடனே குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் முதற் கிண்ணத்தில் மட்டுமே நல்ல தயிர் இருக்கும். இரண்டாவதில் விதை இல்லை. மூன்றாவதில் விதை மடிந்தது. நான்காவதில் விதை உறங்குகிறது. நான்காவதை வெளியே எடுத்து வைத்தால் அதுவும் பிறகு தோயும். இரண்டாவதையும் மூன்றாவதையும் சுவைத்துப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள்.

இனி, குடலைப் பற்றிய வினாவுக்கு வருவோம். நம் உடலில், பெரும்பாலும் பெருங்குடலில், ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்று 2016-ஆம் ஆண்டில் ஒரு கணக்கு வெளியாயிற்று. நம் உடலின் சொந்த உயிரணுக்களின் தொகையும் ஏறக்குறைய அத்துணையே. இக்குடிகளுள் நல்லனவற்றைத் தயிர் வளர்க்கும் என்னும் எண்ணத்தைப் பரப்பியவர் எலீ மெச்னிகோவ். பாரிஸ் நகரப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றி, 1908-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்ற பேரறிஞர் அவர். குடலில் நிகழும் அழுகலே முதுமையை விரைவுபடுத்துகிறது என்றும், புளித்த பால் அதனைத் தடுத்து ஆயுளை நீட்டும் என்றும் அவர் கருதினார். தாமும் நாள்தோறும் புளித்த பாலை அருந்தினார். 1916-ஆம் ஆண்டில், தம் 71-ஆம் வயதில் அவர் மறைந்தார். அவர் நம்பிய பல்காரிகஸ் பாக்டீரியா மனிதக் குடலில் நிலையாகக் குடியேறுவதில்லை என்பதைப் பின்வந்தோர் கண்டனர். பேரறிஞர் கூற்றாயினும் சோதித்தே கொள்ள வேண்டும் என்பதே அறிவியல் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

அப்படியானால் தயிரால் பயனில்லையா? உண்டு. உறுதியாக நிலைநாட்டப்பட்ட பயன் ஒன்றைச் சொல்கிறேன். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் நொதி, குழந்தைப் பருவம் கழிந்தபின் உலக மக்களுள் பெரும்பாலோர்க்குக் குறைந்துவிடுகிறது. அவர்களுள் பலருக்குப் பால் அருந்தினால் வயிறு உப்பும், கழிச்சலும் உண்டாகும். ஆனால் அவர்களே தயிரை இன்னலின்றி உண்கிறார்கள். தயிரிலுள்ள பாக்டீரியாக்கள் அந்நொதியைத் தம்முள் சுமந்து சென்று, சிறுகுடலில் நமக்காக அவ்வேலையைச் செய்கின்றன என்பதை 1984-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் வெளியிட்டனர். வீட்டிலிருந்து போகும் விருந்தாளி, நமக்கும் சேர்த்துச் சமைத்து வைத்துவிட்டுப் போவது போன்றது இது! இதனோடு, தயிர் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் நிறைந்த உணவு என்பதையும் மறத்தலாகாது.

இக்காலத்தில் 'புரோபயாட்டிக்' என்னும் சொல் கடைகளில் பெரிதும் அடிபடுகிறது. 2001-ஆம் ஆண்டில் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் உலகச் சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு இதற்கு வரையறை தந்தது. போதிய அளவில் உட்கொண்டால் உடல்நலத்துக்கு நன்மை தரும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக் எனப்படும். உயிர் இருத்தல் வேண்டும். போதிய அளவு வேண்டும். நன்மை மெய்ப்பிக்கப்பட்டிருத்தல் வேண்டும். வீட்டுத் தயிரில் முதலாவது உண்டு. மற்ற இரண்டையும் வீட்டில் அளந்து பார்க்க வழியில்லை. புரோபயாட்டிக் தயிரை வாங்கி அதையே உறையாக இடலாம். தயிர் நன்றாகவே தோயும். ஆயினும் உறையிலிருந்து உறையாகச் செல்லச் செல்ல, பாலில் விரைந்து வளரும் வகைகள் மற்றவற்றை முந்திவிடும். ஆதலின் சில முறைக்குப்பின் புதிய உறை கொண்டு தொடங்க வேண்டும்.

எந்தத் தயிராயினும், அதன் உயிரைக் காப்பது நம் கையில் இருக்கிறது. கொதிக்கும் மோர்க்குழம்பில் சுவை இருக்கும். உயிருள்ள பாக்டீரியா இராது. தயிர்ச்சோறு பிசையும்போது சோறு ஆறியபின் தயிர் விடுங்கள். அன்றியும், தயிர் உணவேயன்றி மருந்தன்று. கழிச்சல் கண்டவர்க்கு முதலில் வேண்டுவது உப்பும் சர்க்கரையும் உரிய அளவில் கலந்த கரைசலும் மருத்துவர் உதவியுமே. நோயெதிர்ப்பு ஆற்றல் மிகக் குன்றியவர், இத்தகைய உணவுகளைப் பற்றி மருத்துவரைக் கேட்டு நடத்தல் வேண்டும்.

பெருஞ்செலவின்றி, பொறிகளின்றி, ஒரு சட்டியிலும் ஒரு கரண்டியிலும் நடைபெறும் வேளாண்மை இது. நேற்றைய தயிரிலிருந்து இன்றைய தயிர். இன்றைய தயிரிலிருந்து நாளைய தயிர். எத்தனையோ தலைமுறைத் தாய்மார்கள் காத்துத் தந்த விதை நம் அடுக்களையில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இன்றிரவு உங்கள் வீட்டில் பாலுக்கு உறையிடும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிச் செய்யுங்கள். நாளைக் காலையில் தயிரை எடுக்கும்போது, மறுநாளைக்கென்று ஒரு கரண்டி உறையைத் தனியே எடுத்து வைக்க மறவாதீர்கள்.