முனகுகிறதா ஹார்ட் டிஸ்க்?

கல்யாண வீடியோ இருக்கும் பழைய ஹார்ட் டிஸ்க். கேபிளை மாட்டினால் மெல்லிய முனகல் மட்டும்தான். உள்ளே தட்டு சுற்றுவதில்லை. தகவலைப் படிக்கும் முனை தட்டிலேயே ஒட்டிக்கொண்டால் இப்படி ஆகலாம். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் முனையே பிய்ந்துபோகலாம்.

ஓடும்போது அந்த முனை தட்டுக்குச் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். தலைமுடியின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர்! வீட்டில் மூடியைத் திறந்தால் விழும் தூசியே தட்டைக் கீறிவிடும். தூசி வடிகட்டிய ஆய்வக அறையில்தான் திறந்து, முனையை விடுவிக்க வேண்டும்.

ஃப்ரீசரில் வைத்தால் ஓடும் என்பது பழைய கைவைத்தியம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படிந்தால், இருப்பதும் போச்சு.

சில நேரம் அதுவாகவே சுற்ற ஆரம்பித்துவிடும். உடனே அணைத்துவிடாதீர்கள், மறுபடி எழுந்திருக்குமா, தெரியாது. சினிமா, பாட்டெல்லாம் அப்புறம். கல்யாணத்தில் தாத்தா பேசிய அந்த வீடியோவை முதலில் வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.