மீனுக்கு மூலிகை மருந்து: நாமும் சாப்பிடலாமா?

பசாரில் நாம் வாங்கும் கெராப்பு, சியாக்காப் மீன்களில் பல, கடலில் மிதக்கும் கூண்டுகளில் வளர்க்கப்பட்டவை. நெருக்கமாக வளரும் மீன்களிடையே ஒட்டுண்ணிகள் எளிதில் பரவும். சபாவில் கெராப்பு மீனின் தோலிலும் துடுப்பிலும் ஒருவகைச் சிறிய அட்டை ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. அது கடித்த புண்ணில் கிருமி புகுந்தால் மீன் செத்துப்போகும்.

இதற்கு வழக்கமான வைத்தியம், ஃபார்மலின் கலந்த நீரில் மீனைச் சிறிது நேரம் விடுவது. ஃபார்மலின் ஆவி, வேலையாட்களின் கண்ணையும் மூச்சையும் பாதிக்கும். அதனால்தான் மூலிகைகளைத் தேடுகிறார்கள். மலேசிய சபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிம்போ ஆயர் செடியின் சாற்றை ஆய்வுக்கூடத்தில் இந்த அட்டைகள்மீது சோதித்தபோது அட்டைகள் இறந்தன. தெம்பே மடிக்கப் பயன்படும் அகன்ற இலை இச்செடியுடையதுதான்.

நானோ என்பது இதற்கு அடுத்த படி. மஞ்சளில் உள்ள குர்குமின் நீரில் சரியாகக் கரையாது. இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் என்ற பொருளுக்குள் அதை மிக நுண்ணிய துகள்களாகப் பொதிந்தால், நீரில் பரவி, மருந்து மெதுவாக வெளிவரும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர்!

மூலிகையோடு வெள்ளித் துகள்களைச் சேர்த்தும் ஆய்வு நடக்கிறது. ஆனால், வெள்ளி அளவு மீறினால் மீனின் செவுளைக் கெடுக்கும். மூலிகை என்ற பெயருக்காக எதையும் தீங்கற்றது என்று நம்பிவிட முடியாது.

இது நமக்கும் பொருந்தும். மீனுக்கு உதவுகிறதே என்று 'நானோ மஞ்சள்' மாத்திரைகளை வாங்கிச் சாப்பிடாதீர்கள். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, மாத்திரையில் செறிந்திருப்பது வேறு. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு அதனால் இரத்தக் கசிவு அதிகமாகலாம். ஏற்கெனவே சாப்பிட்டு வந்தால், அடுத்த முறை கிளினிக் போகும்போது டப்பாவையும் எடுத்துச் சென்று மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டுங்கள். டப்பாவில் எம்.ஏ.எல். பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

பண்ணை மீனைக் கண்டு பயப்பட வேண்டாம். செதிலும் குடலும் நீக்கிக் கழுவி, நடுச்சதை வெண்மையாகி முள்ளிலிருந்து எளிதில் பிரியும்வரை வேகவிட்டால் ஒட்டுண்ணிகள் செத்துவிடும். எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்தால் மட்டும் சாகாது. ஆகவே, ஹினாவா, சூஷி போன்ற பச்சை மீன் உணவுகளை வயதானவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் தவிர்ப்பது நல்லது.