வடத்தின் இழுப்பில் விளிம்புத் திருப்பம்

கேபிள் வேக்போர்டிங் என்பது, படகுக்குப் பதிலாக, நீர்நிலையைச் சுற்றி நிற்கும் கோபுரங்களின் மேலே ஓடும் எஃகு வடம் இழுத்துச்செல்ல, இரு பாதங்களையும் ஒரே பலகையில் பொருத்திக்கொண்டு பக்கவாட்டில் நின்றபடி நீரின்மேல் சறுக்கும் விளையாட்டாகும். ஜெர்மானியப் பொறியாளர் புரூனோ ரிக்சென் 1960 வாக்கில் நீர்ச்சறுக்குக்கென உருவாக்கிய இந்த அமைப்பில், ஐந்து அல்லது ஆறு கோபுரங்களுக்கிடையே, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில், வடம் மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில், பெரும்பாலும் இடஞ்சுழியாகச் சுற்றிவருகிறது.

பலகையின் நீண்ட பக்கங்களுள் குதிகால்களை ஒட்டியது குதிகால் விளிம்பு என்றும் விரல்களை ஒட்டியது விரல் விளிம்பு என்றும் வழங்கப்படும். பலகை தட்டையாக இருக்கும்வரை, வடத்தோடு இணைந்த கயிறு போகும் வழியே அதுவும் போகும். ஒரு விளிம்பை நீரில் அழுத்திச் சாய்த்தால், அடிப்பரப்பில் மோதும் நீர் பலகையை அந்தப் பக்கமாகத் தள்ள, கயிறு விறைக்கிறது. திருப்புவது கைகளல்ல, விளிம்பே.

குதிகால் விளிம்பு எளிது: முழங்கால்களை மடக்கி, நாற்காலியில் அமர்வதுபோல் பின்சாய்ந்து, கயிற்றின் கைப்பிடியை இடுப்பருகே வைத்தால் போதும். வடம் மேலிருந்து இழுப்பதால், கைப்பிடி மார்புக்கு ஏறினால் உடலின் எடை பலகையை விட்டு விலகி, விளிம்பு பிடிப்பை இழந்துவிடும். விரல் விளிம்புக்கு மாறுகையில் இடுப்பை முன்தள்ளி, கணுக்காலை மடக்கி, கணைக்காலின் முன்பக்கத்தால் காலணியை அழுத்த வேண்டும். அப்போது முதுகு வடத்தின் பக்கம் இருப்பதால் தோள்கள் திருகிக்கொள்ள முற்படும், ஆகவே பின்கையை விட்டுவிட்டு முன்கையால் மட்டும் பிடிப்பது தொடக்கத்தில் உதவும். இரண்டுக்கும் இடையே பலகை தட்டையாகும் நொடிதான் ஆபத்தானது. அப்போது செல்லும் திசையை நோக்கிய விளிம்பு நீரில் அமிழ்ந்தால், பலகை சட்டெனத் தடைப்பட்டு ஆளைத் தூக்கியெறியும்.

இவையெல்லாம் சோதிக்கப்படும் இடம் கோபுரமே. ஐந்து கோபுரத் தடத்தில் ஒவ்வொரு முனையிலும் வடம் சராசரியாக 72 பாகை திரும்புகிறது. சறுக்குபவர் உட்பக்கமாக வந்திருந்தால், திரும்பிய வடம் அவரை நெருங்கிவரக் கயிறு தளர்ந்து, மறுகணம் வெட்டி இழுக்கும். அதனால் முனைக்கு முன்பே வெளிப்பக்கமாக விளிம்பிட்டு விலகியிருக்க வேண்டும். இடஞ்சுழித் தடத்தில் இடக்காலை முன்வைப்பவருக்கு வெளிப்பக்கம் என்பது விரல் விளிம்பின் பக்கமாகிவிடுவதால், கடினமான திருப்பமே அவருக்கு முதலில் தேவைப்படுகிறது. வலக்காலை முன்வைப்பவரோ எளிய குதிகால் விளிம்பிலேயே அதே முனையைக் கடந்துவிடுகிறார். வடம் வலஞ்சுழியாக ஓடும் இடங்களில் இந்தச் சலுகை இடக்காலருக்குப் போய்விடும்.