குதிரை வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி

பக்ரீத் நெருங்கும்போது மும்பை தேவ்நார் மண்டியில் ஆட்டின் வாயைத் திறந்து பல் பார்க்காமல் எவரும் பணத்தை வெளியே எடுப்பதில்லை. கண், காது, நடை எல்லாம் சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகே விலை பேசுவார்கள். சில நாள் மட்டும் வீட்டில் நிற்கப்போகும் ஆட்டுக்கு இவ்வளவு கவனம். பிள்ளையை முதுகில் ஏற்றப்போகும் குதிரையையோ, ஒரு வீடியோவையும் 'ஒரு குறையும் இல்லை' என்ற வாய்வார்த்தையையும் நம்பி வாங்கிவிடுகிறவர்கள் உண்டு.

இந்தப் பக்கத்தில் சவாரிக் குதிரை வாங்க நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, மகாலட்சுமி, புனே பந்தயங்களிலிருந்து ஓய்வு பெற்றவை. இன்னொன்று சந்தை. டிசம்பரில் தத்த ஜெயந்தியை ஒட்டி நந்துர்பார் மாவட்டத்து சாரங்கேடாவில் கூடுவது மகாராஷ்டிரத்தில் பெயர் பெற்றது. பந்தயக் குதிரை வேகம் போதாமல் வெளியேறியிருக்கலாம், முன்கால் தசைநார் கிழிந்தும் வெளியேறியிருக்கலாம். எதனால் என்பதை விற்பவரிடம் கேட்டே ஆகவேண்டும்.

காலில் உள்ள வலியை ஒரு நாள் மறைப்பது எளிது. பினைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி கொடுத்தால் விந்தி நடக்கும் குதிரை நேராக நடக்கும். நீங்கள் வருவதற்கு முன் அரை மணி நேரம் ஓட்டி வைத்தால் மூட்டு விறைப்பு தெரியாது. முரட்டுக் குதிரைக்கு மயக்கமருந்து கொடுத்தால் கீழுதடு தொங்க, தலை தாழ்த்தி, சாதுவாக நிற்கும். அதனால் சொல்லாமல் போய் லாயத்தில் நிற்கும்போதே பாருங்கள். வியர்வை காயாமல் இருந்தால் இன்னொரு நாள் போங்கள். கெட்டித் தரையில் மெல்லோட்டமாக ஓட்டச் சொல்லுங்கள். வலிக்கிற முன்கால் தரையில் படும்போது தலை மேலே எழும். சவாரி முடிந்ததும் மூச்சையும் இருமலையும் கவனியுங்கள். நம் அந்தியூர் ஆடிச் சந்தை வரை குதிரைக்குச் சுழி பார்க்கும் வழக்கம் உண்டு. சுழிக்கு நொண்டியைச் சொல்லத் தெரியாது. குளம்பைத் தூக்கிப் பாருங்கள்.

இதெல்லாம் செய்தாலும் உங்கள் பக்கத்துக்கு ஒரு கால்நடை மருத்துவர் வேண்டும். விற்பவர் கூட்டிவரும் டாக்டர் போதாது. வாங்கும் நாளில் இருவர் முன்னிலையில் ரத்த மாதிரி எடுத்து, முத்திரையிட்டு, மருத்துவர் பொறுப்பில் குளிரில் வைக்கச் சொல்லுங்கள். பின்னால் குதிரை நொண்டினால், விற்பனை நாளில் மருந்து இருந்ததா என்று சோதிக்க அதுதான் சாட்சி. கிளாண்டர்ஸ் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். குதிரையிடமிருந்து மனிதருக்கும் தொற்றி உயிரைப் பறிக்கக்கூடிய நோய் அது; தடுப்பூசி கிடையாது. 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்பதால், உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள்.

இனி சட்டம். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே நம் சட்டம் இந்தக் குதிரை வியாபாரத்தை யோசித்திருக்கிறது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, மோசடி எது என்பதை விளக்கக் குதிரையைத்தான் உதாரணமாக எடுக்கிறது. குதிரைக்குக் குறை உண்டென்று தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாய் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்' என்று சொல்லியும் விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

உங்கள் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் இதுதான். பணம் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: கால், கண், மூச்சு, வயிற்றுவலி, குணம் இவற்றில் ஏதாவது குறை உண்டா? மருந்து ஏதும் கொடுக்கிறீர்களா? மறுக்காவிட்டால் இல்லை என்றே கொள்வேன். கூடவே, 'என் பத்து வயது மகள் ஓட்டக் கற்க வாங்குகிறேன்' என்று நோக்கத்தையும் எழுதுங்கள். அதைச் சொல்லி, குதிரை வியாபாரியின் அனுபவத்தை நம்பி வாங்கினால், குதிரை அந்த வேலைக்குத் தகுதியாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை 1930ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16ஆவது பிரிவால் தானாகச் சேர்ந்துவிடும். ஆனால், விற்பவர் மௌனம் சாதித்தார் என்று மட்டும் சொல்லி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாத நிலையும் வரலாம். சாதாரண கவனத்தில் கண்டுபிடித்திருக்கக்கூடிய குறை என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆவது பிரிவு உங்களுக்குக் கைகொடுக்காது. மருத்துவரை அழைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

குறை தெரிந்ததும் தாமதிக்காமல் எழுத்தில் தெரிவியுங்கள். நாள் கடத்தினால் குதிரையை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். பிறகு திருப்பிக் கொடுக்க முடியாமல் நஷ்டஈடு மட்டுமே கேட்க வேண்டிவரும். விற்றவர் வியாபாரியாக இருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். வெளியூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். தேவ்நார்க்காரர்களுக்கு அது மும்பை புறநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. 2 வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை விட வாங்கியவர்கள், அது சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்டவேண்டும். வியாபாரி அல்லாத தனிநபர் விற்றிருந்தால் சிவில் நீதிமன்றம்தான்.

வழக்கு முடியும்வரை அந்தக் குதிரைமேல் ஏறாதீர்கள். நோயாலோ காயத்தாலோ வேலைக்குத் தகுதியற்ற விலங்கை வேலை வாங்குவது, 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம். அங்கே குற்றவாளி விற்றவர் அல்ல, நீங்கள். வலி அதனுடையது என்பதையும் மறக்கக்கூடாது. சிகிச்சையைத் தொடங்குங்கள், மருந்து, தீனி, லாய வாடகை ரசீதுகளைச் சேர்த்து வைத்து அந்தத் தொகையையும் நஷ்டஈட்டில் கேளுங்கள்.