கீழே கயிறு பிடிப்பவர்

பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்பதுதான் முதல் பாடம். அருவியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தபடி யாரும் இறங்குவதில்லை. திரும்பி நின்று, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பாதங்களைப் பாறையில் ஊன்றி, உடம்பின் மொத்த எடையையும் ஒரு கயிற்றிடம் ஒப்படைக்க வேண்டும். உடம்பு இதற்குச் சுலபத்தில் சம்மதிக்காது. முழங்கால் நடுங்கும். பின்னால் சாயச் சொன்னால், கை தானாகவே முன்னால் இருக்கும் பாறையைப் பற்றும். வரிசையில் நிற்கும் நண்பர்கள் பெயரைச் சொல்லி உற்சாகக் கூச்சல் போடுவார்கள். ஐந்தடி இறங்கியதும் அந்தக் கூச்சல் மறைந்து, தண்ணீரின் இரைச்சல் மட்டுமே காதை அடைக்கும்.

மழைக்கால ஞாயிற்றுக்கிழமைகளில் மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி மலையில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். நம் குற்றாலத்தில் அருவியாகக் கொட்டும் அதே மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வடக்கே வழங்கும் பெயர் அது. ஜூனில் பருவமழை இறங்கியதும் அங்கே பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு அருவிகள் முளைக்கின்றன. மராத்தியில் அருவிக்கு ‘தப்தபா’ என்று பெயர். சொல்லிலேயே தண்ணீர் விழும் ஓசை கேட்கிறது. மும்பையிலிருந்து அதிகாலை மின்ரயிலில் ஏறி, கடைசி நிலையமான கசாராவில் இறங்கி, அங்கிருந்து ஜீப்பில் சிறிது தூரம் போனால் விஹிகாவ் கிராமம். அதன் அருகே ஏறத்தாழ 120 அடி உயரத்திலிருந்து விழும் அருவியில்தான் நண்பர்கள் குழுக்கள் கயிறு கட்டி இறங்குகின்றன. சந்தோஷ் சிவன் இயக்கத்தில் ஷாருக் கானும் அஜித்தும் நடித்து 2001-இல் வெளிவந்த ‘அசோகா’ படத்தின் படப்பிடிப்பு இங்கே நடந்ததால், ‘அசோகா அருவி’ என்றும் அழைக்கிறார்கள்.

சஹ்யாத்ரியின் பாறையும் இந்த விளையாட்டுக்கு ஒத்துழைக்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுத்தடுத்து வழிந்த எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காக இறுகி, கருங்கல் போன்ற பசால்ட் பாறையாக நிற்கிறது. செங்குத்தான முகம், இடையிடையே கால் வைக்க ஒரு விளிம்பு. ஆனால் நான்கு மாதம் ஓயாமல் நனையும் பாறையில் பாசி படர்ந்திருக்கும். வழுக்கும் என்று தெரிந்தேதான் அதில் கால் வைக்கிறார்கள்.

ரேப்பெல்லிங் என்ற இந்த உத்தி ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் உருவானது. பிரான்ஸின் ஷாமோனி ஊரைச் சேர்ந்த மலை வழிகாட்டி ழான் ஷார்லே, 1876-இல் பெத்தீ த்ரு என்ற ஊசிமுனைச் சிகரத்தைத் தனியாக எட்ட முயன்று தோற்றார். ஏறுவதை விட இறங்குவதுதான் அவருக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. கயிற்றை இரட்டையாக மடித்துப் பாறை முனையில் மாட்டி, அதைப் பிடித்துச் சறுக்கி இறங்கி, பிறகு ஒரு நுனியை இழுத்துக் கயிற்றைக் கீழே வரவழைக்கும் வழியை அவர் கண்டுபிடித்தார். ‘ரப்பெல்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குத் ‘திரும்ப அழைத்தல்’ என்றுதான் பொருள். 1879-இல் இரண்டு தோழர்களுடன் மீண்டும் போய் அதே சிகரத்தில் ஏறிக் காட்டினார்.

இன்று கயிற்றை உடம்பில் சுற்றிக்கொண்டு இறங்கத் தேவையில்லை. இடுப்பையும் தொடைகளையும் சுற்றிப் பட்டைகளால் ஆன ஹார்னஸ், அதன் முன்வளையத்தில் திருகுப்பூட்டு உள்ள கேரபினர் கொக்கி, அதில் எட்டு வடிவத்தில் ஓர் உலோகக் கருவி. கயிறு அந்த எட்டின் வழியாக வளைந்து போகும்போது உண்டாகும் உராய்வுதான் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. வலது கையை இடுப்புக்குக் கீழே இறக்கிக் கயிற்றை இறுக்கினால் நிற்கலாம், தளர்த்தினால் இறங்கலாம். அந்தக் கையை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. ஒரு நல்ல கேரபினர் பூட்டிய நிலையில் சுமார் 2 டன் இழுவையைத் தாங்கும். பூட்டாமல் வாய் திறந்திருந்தாலோ, அந்த வலிமையில் பாதிகூட மிஞ்சாது. இறங்கும் முன் ஒருவர் பூட்டை இன்னொருவர் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் இதனால் வந்தது. நீண்ட கூந்தலும் துப்பட்டாவும் அந்த உலோக எட்டுக்குள் இழுபட்டு மாட்டிக்கொள்ளும் என்பதால், அவற்றை முடிந்து உள்ளே செருகிய பிறகே விளிம்புக்கு அனுப்புவார்கள்.

இறங்குபவரின் கை தவறினால் என்ன ஆகும்? இந்தக் கேள்விக்கு விடை, அருவியின் அடியில் கயிற்றின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர். அவர் கயிற்றைச் சடாரென்று இழுத்து இறுக்கினால், மேலே உள்ள கருவியில் உராய்வு கூடி, விழப்போனவர் அந்தரத்தில் நின்றுவிடுவார். நனைந்தபடி, கழுத்து வலிக்க மேலே பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு நண்பரும் இறங்கும் வரை அவர் அங்கே நிற்க வேண்டும். செல்பி எடுக்கவும் பக்கத்தில் இருப்பவரிடம் பேசவும் அவருக்கு நேரமில்லை. பல குழுக்களில் மேலிருந்தும் ஒரு தனிப் பாதுகாப்புக் கயிற்றைக் கொடுக்கிறார்கள். இறங்குபவர் ஒருவர்தான், அவருக்காக விழித்திருப்பவர்கள் குறைந்தது இருவர்.

உலர்ந்த பாறையில் கற்ற விதிகள் சில, தண்ணீரில் தலைகீழாக மாறுகின்றன. உலர்ந்த பாறையில் கயிற்றின் கீழ்நுனியில் முடிச்சுப் போடுவது கட்டாயம். கயிறு தரையை எட்டாவிட்டாலும் ஆள் நழுவி விழாமல் அது தடுக்கும். ஆனால் அருவிக்குக் கீழே ஆழமான குளம் இருந்தால் அதே முடிச்சு எமனாகிவிடும். கொட்டும் நீருக்கடியில் கருவி முடிச்சில் சிக்கினால், ஆள் அங்கேயே கட்டுண்டு மூழ்குவார். எனவே நுனியை முடிச்சில்லாமல், நீர்மட்டத்தைத் தொடும் அளவுக்கு விட்டு, நழுவி நீந்திப் போகும்படி அமைக்கிறார்கள். மேலே கயிறு கட்டும் முறையும் வேறு. நடுவழியில் ஒருவர் தாரைக்குள் மாட்டிக்கொண்டால், மேலே இருப்பவர் கட்டைத் தளர்த்தி அவரைக் கயிற்றோடு இறக்கிவிட முடிய வேண்டும்.

முகத்தில் தண்ணீர் அறையும்போது அண்ணாந்து பார்த்தால் மூச்சுத் திணறும். முகவாயைத் தாழ்த்தினால் ஹெல்மெட் விளிம்புக்குக் கீழே சிறிது காற்று கிடைக்கும். அதை வைத்துச் சமாளித்துவிடலாம். கத்தினாலும் கேட்காது என்பதால் விசில்தான் மொழி. எத்தனை ஊதலுக்கு என்ன அர்த்தம் என்பதை மேலே இருக்கும்போதே எல்லோரும் பேசி வைத்துக்கொள்கிறார்கள். அருவியின் அடியில் வெண்ணுரை பொங்கும் இடத்தை விட்டு உடனே விலகச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. காற்று கலந்த நீர் அடர்த்தி குறைந்தது. நல்ல நீச்சல்காரரையும் அது சரியாக மிதக்கவிடாது.

கயிறும் கொக்கியும் காப்பாற்ற முடியாத ஆபத்து ஒன்று உண்டு: மேலே எங்கோ பெய்யும் மழை. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன் அருகே சாக்செட்பாக் ஓடையில், குறுகிய மலையிடுக்கு வழியே இறங்கிக்கொண்டிருந்த குழுக்களைத் திடீர் வெள்ளம் அடித்துச் சென்றது. மலையின் மேல்பகுதியில் பெய்த இடிமழைதான் காரணம். 18 பயணிகளும் 3 வழிகாட்டிகளுமாக 21 பேர் இறந்தார்கள். வானிலையைப் புறக்கணித்து அழைத்துச் சென்றதற்காக, 2001-இல் நடந்த வழக்கில் பயணத்தை நடத்திய நிறுவனத்தைச் சேர்ந்த சிலர் தண்டிக்கப்பட்டார்கள். வெள்ளத்தின் முன்னறிகுறிகளைக் குற்றாலத்துக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை: தெளிந்த நீர் செம்மண் நிறமாவது, சருகும் சுள்ளியும் அடித்துவருவது, இரைச்சலின் சுருதி மாறுவது. மகாராஷ்டிரத்தில் கனமழை எச்சரிக்கை வந்தால், அருவிகளுக்குச் செல்ல மாவட்ட நிர்வாகங்களே தடை விதிக்கின்றன. தடை இல்லாத நாளிலும், நீர் பெருகினால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கயிற்றைச் சுருட்டும் வழிகாட்டியை நம்பித்தான் நண்பர்கள் போக வேண்டும்.

அப்படிப்பட்டவரை அடையாளம் காண சில கேள்விகள் போதும். கயிறு எத்தனை வருடம் பழையது? மேலே கட்டுவது ஒரே இடத்திலா, தனித்தனியான இரண்டு இடங்களிலா? ஒருவர் நடுவில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? முதலுதவி தெரிந்தவர் யார்? இவற்றுக்குச் சலிக்காமல் பதில் சொல்பவர் நல்லவர். குழுவில் ஒருவர் ‘எனக்கு வேண்டாம்’ என்று விளிம்பிலிருந்து திரும்பினால் அவரைக் கேலி செய்து தள்ளாமல் இருப்பது நண்பர்களின் பொறுப்பு. திரும்பி வந்தவர் கீழே போய் நண்பர்களுக்குத் தேநீர் எடுத்து வைக்கலாம். பயிற்சி பெற்றிருந்தால் கயிறும் பிடிக்கலாம்.

பிற்பகலில் கடைசி ஆளும் இறங்கியதும் தலைகளை எண்ணுகிறார்கள். கிராமத்து வீட்டுத் திண்ணையில் சூடான கடலைமாவுப் பிட்லாவும் பாக்ரி ரொட்டியும் காத்திருக்கின்றன. குழு சாப்பிட உட்கார்ந்த பிறகும், வழிகாட்டிகளில் ஒருவர் மட்டும் தொட்டி ஓரத்தில் நின்று கயிற்றை அங்குலம் அங்குலமாகத் தண்ணீரில் அலசிக்கொண்டிருக்கிறார். நெசவுக்குள் புகும் மணல் துகள்கள் உள்ளிழைகளை அறுத்துவிடும். அலசியதை வெயில் படாத இடத்தில் கொடியில் தொங்கவிட்டு, எங்காவது தடிப்போ நெகிழ்ச்சியோ தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவியபடி நடக்கிறார். அடுத்த ஞாயிறு இதே கயிற்றில் வேறு நண்பர்கள் இறங்கப்போகிறார்கள்.