எரித்ரோபொய்ட்டின் ஊசி: தெரிந்துகொள்ள வேண்டியவை

சிறுநீரகம் ரத்தத்தைச் சுத்திகரிக்கிறது என்பது நமக்குத் தெரியும். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. உடலில் பிராணவாயு குறையும்போது, அது எரித்ரோபொய்ட்டின் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அந்தப் புரதம் ரத்தத்தின் வழியாக எலும்பு மஜ்ஜையை அடைந்து, "சிவப்பணுக்களை உருவாக்கு" என்று சமிக்ஞை கொடுக்கிறது.

சிறுநீரகம் பழுதடைந்தால் இந்தச் சமிக்ஞை குறைந்துவிடும். களைப்பு, மூச்சிரைப்பு, தலைச்சுற்றல் ஏற்படலாம். "வயதாகிவிட்டது, அதனால்தான் சோர்வு" என்று இருந்துவிடாதீர்கள். அது ரத்தச்சோகையாக இருக்கலாம்.

மருந்து எப்படித் தயாராகிறது?

இந்தப் புரதத்துக்கான மனித மரபணுவைப் பிரித்தெடுத்த ஆய்வுகள் 1985ல் வெளியாயின. ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படும் ஹாம்ஸ்டர் உயிரணுக்களில் அந்த மரபணுவைச் சேர்த்தால், அவை மனிதப் புரதத்தை உருவாக்கித் தரும். அதைப் பிரித்துத் தூய்மைப்படுத்தி ஊசி மருந்தாக்குகிறார்கள். அமெரிக்காவில் 1989ல் இதற்கு அங்கீகாரம் கிடைத்தது. அதற்கு முன்பு, டயாலிசிஸ் செய்துகொண்டவர்களில் பலருக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது.

"ஆய்வுக்கு மட்டும்" என்றால் என்ன?

இதே புரதம் ஆய்வுக்கூடங்களுக்காகவும் தயாரிக்கப்படுகிறது. பெயர் ஒன்றுதான், ஆனால் அது மருந்து அன்று. கண்ணாடித் தட்டில் வளரும் உயிரணுக்களில் சோதனை செய்வதற்கானது. மனித உடலில் செலுத்தும் மருந்துக்குத் தேவையான பாதுகாப்புச் சோதனைகளை அது கடந்திருக்காது. இணையத்தில் மலிவாகக் கிடைத்தாலும், தெரிந்தவர் வாங்கித் தந்தாலும், அதைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உண்மையான மருந்தும் அளவு மீறினால் ஆபத்துதான். சிவப்பணுக்கள் அதிகமானால் ரத்தம் தடிக்கும். ரத்த அழுத்தம் உயரலாம், ரத்தம் உறையலாம், பக்கவாதமோ மாரடைப்போ ஏற்படலாம். அதனால்தான் மருத்துவர் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டுகிறார் அல்லது குறைக்கிறார்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• மருத்துவமனை அல்லது பலதுறை மருந்தகத்தில் கொடுக்கும் மருந்தை மட்டும் பயன்படுத்துங்கள். சோர்வாக இருக்கிறதென்று நீங்களாகவே அளவைக் கூட்டாதீர்கள்.
• மருந்தைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வையுங்கள். உறையவிடக் கூடாது, குலுக்கவும் கூடாது.
• இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருந்தால் தவறாமல் சாப்பிடுங்கள். இரும்புச்சத்து இல்லாவிட்டால் ஊசி சரியாக வேலை செய்யாது. மாத்திரையைத் தேநீருடன் விழுங்காதீர்கள். தேநீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.
• ரத்த அழுத்தத்தைப் பார்த்துக் குறித்துவைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.

நெஞ்சுவலி, முகம் ஒருபக்கம் கோணுதல், கை கால் பலவீனம், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது ஏற்பட்டாலும் உடனே 995ஐ அழையுங்கள்.

வீட்டில் இருக்கும் ஊசி மருந்தைப் பற்றிச் சந்தேகமா? அதன் பெட்டியோடு எடுத்துச் சென்று மருந்தாளரிடம் காட்டிக் கேளுங்கள்.